குதிர் போச்சு, நெல் ரோட்டுக்கு வந்தாச்சு!



ஐப்பசி பொறந்தா நமக்கு ரெண்டு வேலை. சம்பா வயலில் தேங்கின தண்ணியை வடிக்கணும். பின்தங்கி அறுத்த சொர்ணவாரி நெல்லை மழையிலிருந்து காப்பாத்தணும். முதல் வேலைக்கு மண்வெட்டி போதும். ரெண்டாவதுக்குத் தார்ப்பாயை விட்டால் நம்மகிட்ட என்ன இருக்கு?

திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை பக்கத்தில் மண் குதிர் இருந்த காலம் பெரியவர்களுக்குத் தெரியும். களிமண்ணும் வைக்கோலும் பிசைந்து உறை உறையாய் அடுக்கி, மூடி போட்டு மெழுகி, அடியில் ஒரு ஓட்டை விட்டுத் துணியால் அடைத்திருப்பார்கள். துணியை உருவினால் நெல் கொட்டும். பெரிய பத்தாயம் பெரிய வீட்டில்தான், அது வேறு கதை. குதிரில் நாலு மூட்டை இருந்தாலே, வியாபாரி சொன்ன விலைக்கு இன்னைக்கே தள்ளிவிடணும் என்கிற கட்டாயம் இல்லை. விதை நெல்லுக்கும் கையேந்த வேண்டாம்.

சோம்பேறித்தனத்தால் குதிரை விட்டுவிட்டோம் என்று சிலர் பேசுகிறார்கள். அப்படியல்ல. அன்று கையால் அறுத்து, அரி காயவிட்டு, போர் போட்டு, அப்புறம்தான் அடித்தோம். நெல் காய்ந்தே வீட்டுக்கு வந்தது. இன்று ஆள் இல்லை, மிஷின் வருது. அந்த ஈர நெல்லைக் குதிரில் கொட்டினால் சூடேறிக் கெட்டுப்போகும். மிஷின் வாடகையும் உரக்கடை பாக்கியும் வாசலில் நிற்கும்போது காத்திருக்கத்தான் முடியுமா? குதிர் இருந்த மூலையில் பீரோ நிற்குது. கொட்டகை இருந்த இடம் பிளாட் ஆச்சு.

கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டக் கூடாது என்கிறார்கள். அடைமழையில் 17-க்கு எங்கே போவது? தளர்வு கேட்டு டெல்லிக்குக் கடிதம் போய், குழு வந்து, மாதிரி எடுத்து, உத்தரவு வருவதற்குள் மூட்டையிலேயே நாற்று விட்டுடுது.

பாபநாசம் அருகே திருப்பாலைத்துறை கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கல் களஞ்சியம் இருக்கிறது. 3000 கலம் நெல் பிடிக்கும். தொல்லியல் துறை அதைப் பாதுகாக்குது, நல்லது. காலிக் களஞ்சியத்துக்குக் காவல் உண்டு, ரோட்டில் கிடக்கும் நெல்லுக்குக் கூரை இல்லையா?

மண் குதிரை மறுபடி கட்டித் தரச் சொல்லவில்லை. ஊராட்சிக்கு ஒரு கூரை போட்ட உலர்களம், ஒரு உலர்த்தும் மிஷின், ஒரு கிடங்கு கேட்கிறோம். அங்கே வைத்த நெல்லின் பேரில் உள்ளூர் கூட்டுறவுச் சங்கத்திலேயே பொருளீட்டுக் கடன் கேட்கிறோம். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் அந்தக் கடன் இருக்கத்தான் செய்யுது. ஈர நெல்லை அவ்வளவு தூரம் ஏத்திக்கொண்டு போக வண்டி வாடகை யார் தருவது?

சித்தூர் மாவட்டத்தோடு கிடந்த திருத்தணி, போராடித்தான் 1960-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. வீட்டில் தமிழ் பேசினாலும் தெலுங்கு பேசினாலும் நம் நெல் நனைவது ஒரே மழையில்தான். நவம்பர் 1 கிராமசபையில் இதைத் தீர்மானமாய் எழுத வைப்போம். எழுதும்வரை எழுந்திருக்க வேண்டாம். வரும்போது முளைத்த நெல் ஒரு படி மடியில் கட்டிக்கொண்டு வாருங்கள், மேஜை மேல் கொட்டிவிட்டே பேசலாம்.