தோற்கும் அணிக்கு ஒரு விஞ்ஞான வக்காலத்து



தோற்றுக்கொண்டே இருக்கும் ஓர் அணியை விடாமல் ஆதரிப்பது அறிவுள்ளவர் செய்யும் வேலையா? "இல்லை" என்று உங்களில் பலர் உடனே சொல்லிவிடுவீர்கள். நான் அப்படிப்பட்ட ஓர் அணியின் ரசிகன். அதன் பெயர் தமிழ் தலைவாஸ். 2014-இல் தொடங்கிய புரோ கபடிப் போட்டியில் இந்த அணி 2017-இல் சேர்ந்தது. அன்று முதல் நான் அதன் பக்கம்.

கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் ஒருவர் இப்படிச் சொன்னால் ஊர் சும்மா விடுமா? இராஜபாளையத்தில் பேருந்து ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்குவதற்குள், "அந்த அணிக்கு ராசியே இல்லை சார்!" என்று ஒருவராவது சொல்லிவிடுகிறார். அவர்களுக்கு என் பதில்தான் இக்கட்டுரை. பதிலை எண்களைக் கொண்டே சொல்கிறேன். எண்கள் எனக்கு எதிராகப் பேசும் இடத்தையும் மறைக்க மாட்டேன்.

குற்றப்பத்திரிகை

முதலில் எதிர்த்தரப்பின் வாதத்தைக் கேட்போம். அந்த ஆண்டுகளில் ஒரு தொடரில் 22 ஆட்டங்கள். 2017-இல் தமிழ் தலைவாஸ் பெற்ற வெற்றி 6, தோல்வி 14, சமநிலை 2. 2018-இல் வெற்றி 5, தோல்வி 13, சமநிலை 4. 2019-இல் வெற்றி 4, தோல்வி 15, சமநிலை 3. 2021-22-இல் வெற்றி 5, தோல்வி 11, சமநிலை 6. முதல் இரண்டு தொடர்களில் தன் பிரிவில் கடைசி இடம். 2019-இல் 12 அணிகளிலும் கடைசி. 2021-22-இல் 11-ஆம் இடம். கேட்கவே வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆனால் வெற்றி தோல்வியை மட்டும் எண்ணுவது, வெப்பநிலைமானியைப் பார்க்காமல் "சூடு", "குளிர்" என்று இரண்டே சொற்களில் பேசுவதைப் போன்றது. எவ்வளவு சூடு என்று பார்க்க வேண்டாமா?

புள்ளிப் பட்டியலில் ஒரு துப்பறிதல்

அந்த ஆண்டுகளில் விதி இதுதான்: வென்றால் 5 புள்ளி, சமநிலைக்கு 3 புள்ளி, 7 அல்லது அதற்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றால் 1 புள்ளி. 2017-இல் தமிழ் தலைவாஸ் பெற்ற மொத்தப் புள்ளிகள் 46. ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போடுங்கள். 6 வெற்றிக்கு 30, 2 சமநிலைக்கு 6, ஆக 36. மீதி 10 புள்ளிகள் எங்கிருந்து வந்தன?

தோல்விகளிலிருந்துதான்! அப்படியானால் 14 தோல்விகளில் 10 தோல்விகள் 7 புள்ளிக்குள் நேர்ந்தவை. நாற்பது நிமிட ஆட்டத்தில் இது சிறிய இடைவெளி. எதிரணியை முழுவதும் வெளியேற்றினால் கூடுதலாக 2 புள்ளி கிடைக்கும். அதோடு நல்ல பிடிகள் சில சேர்ந்தால் இடைவெளி மறைந்துவிடும். "14 தோல்வி" என்ற எண்ணுக்குள் இப்படி ஒரு செய்தி ஒளிந்திருப்பதைப் பட்டியலை மேலோட்டமாகப் பார்ப்பவர் அறியமாட்டார்.

நாணயத்தின் சாட்சியம்

வகுப்பில் செய்யக்கூடிய ஒரு சோதனை சொல்கிறேன். 12 மாணவர்கள் 12 அணிகள். ஒவ்வொருவரும் ஒரு நாணயத்தை 20 முறை சுண்ட வேண்டும். தலை விழுந்தால் வெற்றி; பூ விழுந்தால் தோல்வி. சமநிலையை நீக்கினால், 2017-இல் தமிழ் தலைவாஸ் முடிவு கண்ட ஆட்டங்களும் 20தான்.

நாணயத்துக்குத் திறமையும் இல்லை, ராசியும் இல்லை. 12 பேரும் முற்றிலும் சமபலம். ஆயினும் எல்லோருக்கும் 10 தலை விழாது. ஒருவருக்கு 6 அல்லது அதற்கும் குறைவாகத் தலை விழும் நிகழ்தகவு நூற்றுக்குச் சுமார் 6. பன்னிரண்டு பேர் சுண்டும்போது, அவர்களில் எவராவது ஒருவருக்காவது அப்படி நேரும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதி! ஆகவே 2017-இன் 6 வெற்றிகளை மட்டும் வைத்துக்கொண்டு, "இது திறமையற்ற அணி" என்று தீர்ப்பு எழுதுவது அவசரம்.

இனி எனக்கு எதிரான சாட்சியம். 2019-இல் முடிவு கண்ட 19 ஆட்டங்களில் 4 வெற்றி. சமபலமுள்ள அணிக்கு இவ்வளவு மோசமாக நேரும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுகூட இல்லை. நான்கு தொடர்களையும் சேர்த்தால் 73 ஆட்டங்களில் 20 வெற்றி. இதற்கு ஆயிரத்தில் ஒன்றுகூட வாய்ப்பில்லை. எனவே தற்செயல் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அந்த ஆண்டுகளில் அணி உண்மையிலேயே பலவீனமாக இருந்தது. ரசிகன் என்பதற்காக இதை மறுத்தால், நான் ஆசிரியன் என்று சொல்லிக்கொள்ள அருகதை இல்லை.

ராசியா, குறையா?

அப்படியானால் "ராசி இல்லை" என்றவர்கள் வென்றுவிட்டார்களா? இல்லை. பலவீனம் என்பது வேறு. ராசி என்பது வேறு. பலவீனத்துக்குக் காரணம் தேடலாம், அளக்கலாம், திருத்தலாம். ராசியை என்ன செய்ய முடியும்? "ராசி" என்று சொன்னவுடனே ஆராய்ச்சி நின்றுவிடுகிறது. என் சண்டை அந்தச் சொல்லோடுதான்.

2022-ஐப் பாருங்கள். பவன் ஷெராவத் என்னும் சிறந்த வீரரை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு அணி ஏலத்தில் எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே அவருக்குக் காயம். தொடர் முழுவதும் ஆட முடியவில்லை. ராசி பேசுபவர்களுக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்குமா?

ஆனால் நடந்தது என்ன? தொடரின் நடுவே பயிற்சியாளர் பொறுப்பு ஆஷன் குமாரிடம் வந்தது. முதல் முறையாக இந்தப் போட்டியில் ஆடிய நரேந்தர், பாடிச் சென்று 243 புள்ளிகள் குவித்தார். 10 வெற்றி, 8 தோல்வி, 4 சமநிலை, 5-ஆம் இடம்! முதன்முறையாக அரையிறுதிக்குப் போய், புனே அணியிடம் 37-39 என்று இரண்டே புள்ளியில் தோற்றது.

அடுத்த தொடரில் பவன் தெலுங்கு டைட்டன்ஸ் அணிக்குப் போனார். அந்த அணி 22 ஆட்டங்களில் 2 மட்டுமே வென்றது. பவனின் திறமை எங்கும் போகவில்லை. ஆனால் கபடியில் களத்தில் நிற்பவர்கள் ஏழு பேர் அல்லவா? அதே தெலுங்கு அணி 2024-இல் 12 ஆட்டங்களை வென்றது. கூடைப்பந்திலும் இது நடந்திருக்கிறது. அமெரிக்காவின் டெட்ராயிட் பிஸ்டன்ஸ் அணி 2023-இல் தொடர்ந்து 28 ஆட்டங்களில் தோற்றது. அந்தத் தொடரில் 82 ஆட்டங்களில் 14 வெற்றிதான். மறு தொடரில் 44 வெற்றி! கடைசி இடம் நிரந்தரமானால் இவை எப்படி நடந்தன?

முதலிடமும் நிரந்தரமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ் தலைவாஸ் 2023-24, 2024 ஆகிய இரு தொடர்களிலும் 9-ஆம் இடத்துக்கு இறங்கியது. வேலை இன்னும் முடியவில்லை என்றே நான் அதைப் படிக்கிறேன்.

"ஜெயித்த பிறகு ஆதரிக்கலாமே, சார்?"

இப்படிக் கேட்ட மாணவர்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் தேரை நினைவூட்டுகிறேன். ஆடிப்பூரத்தன்று வடம் பிடிக்கிறார்கள். தொடக்கத்தில் தேர் அசைவதில்லை. அப்போது இழுவிசை பூஜ்யமா? இல்லை. இழுக்க இழுக்க, நிலை உராய்வும் அதே அளவுக்கு வளர்ந்து எதிர்த்து நிற்கிறது. உராய்வு வளர ஓர் எல்லை உண்டு. இழுவிசை அதைத் தாண்டும் கணத்தில் தேர் நகர்கிறது. நகராத தேரைத் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு, ஐம்பது பேர் இழுக்கிறார்களா, ஐநூறு பேரா என்று தெரியாது. வடத்தைப் பிடித்தவருக்குத் தெரியும். தேர் ஓடத் தொடங்கிய பிறகு வந்து தொட்டுக்கொள்ளப் பலர் உண்டு. நகராத நேரத்திலும் வடத்தை விடாதவர்கள்தான் எனக்குப் பெரியவர்கள்.

கபடி அணியைப் பற்றி எதற்கு இவ்வளவு வாதம் என்று நினைக்கலாம். காரணம் நீங்கள்தான். காலாண்டுத் தேர்வில் 28 மதிப்பெண் வாங்கியவுடன் "எனக்குக் கணக்கு வராது" என்கிறீர்கள். உடனே வீட்டிலும் "இவனுக்கு ராசியில்லை" என்று ஒரு குரல் எழுகிறது. ஒரு தேர்வு என்பது ஒரே ஒரு ஆட்டம். எத்தனை மதிப்பெண்ணில் தவறினீர்கள்? எந்தப் பாடத்தில் தவறினீர்கள்? அடுத்தடுத்து நான்கு தேர்விலும் அதே இடத்திலா? நான்கிலும் அதே இடம் என்றால் குறை உண்மையானது. ஆசிரியரிடம் போய் அதை மட்டும் கேளுங்கள். இல்லையென்றால் பட்டியலைத் தொடர்ந்து எழுதி வாருங்கள். எதுவானாலும் "ராசி" என்ற சொல்லை வீட்டு வாசலிலேயே நிறுத்திவிடுங்கள்.

நாணயச் சோதனையை இந்த வாரமே வகுப்பில் செய்து, 12 பேரின் முடிவுகளையும் கரும்பலகையில் எழுதுங்கள். யாருக்குக் குறைவாகத் தலை விழுகிறதோ, அந்த நண்பரைக் கேலி செய்ய முடியுமா என்றும் யோசித்துப் பாருங்கள்.