யாருக்கு விடிகிற நேரம்?

அமெரிக்காவில் 'லத்தீன் இசை வானொலி' என்று ஒரே பெயர் போட்டு அழைக்கிறார்கள். விளம்பரக்காரர்களுக்கு அது வசதி. ஆனால் நியூயார்க்கில் அந்தப் பெயருக்குக் கிடைப்பது சல்சா, மெரெங்கே, பச்சாத்தா. கேட்கிறவர்களில் பெரும்பாலோருக்குப் பூர்வீகம் போர்ட்டோ ரிக்கோ அல்லது டொமினிக்கன் குடியரசு. டெக்சாஸின் சான் அன்டோனியோவில் அக்கார்டியன் முழங்கும் தெஹானோ. லாஸ் ஏஞ்சலஸில் மெக்சிக்கோவின் ராஞ்சேராவும் பாண்டாவும்.

லாஸ் ஏஞ்சலஸ் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். 1920களின் கடைசியில் அங்கே ஸ்பானிஷ் நிகழ்ச்சிகளுக்குக் கிடைத்தது, விளம்பரம் போணியாகாத விடியற்காலைதான். கூலி வேலைக்குப் போகிறவர்கள் எழுந்திருக்கும் நேரமும் அதுவே. மெக்சிக்கோப் புரட்சியில் புரட்சித் தலைவர் பாஞ்சோ வியாவிடம் தந்தி ஆளாக இருந்த பெத்ரோ கொன்சாலஸ், காலை 4 மணி முதல் 6 மணி வரை தன் குழுவோடு பாடினார். எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்றும் இடையிடையே சொன்னார். பொருளாதார வீழ்ச்சியின்போது மெக்சிக்கோக்காரர்களைக் கூட்டம் கூட்டமாக ரயிலேற்றி மெக்சிக்கோவுக்கு அனுப்பினார்கள். அவர்களில் அமெரிக்கக் குடிமக்களும் இருந்தார்கள். கொன்சாலஸ் வானொலியிலேயே கண்டித்தார். 1934இல் அவர்மீது பாலியல் வழக்கு பாய்ந்தது. புகார் கொடுத்த பெண்ணே பிறகு பொய் என்று சொல்லியும் சிறையை விட்டு வர 1940 ஆனது. வந்ததும் நாடு கடத்தினார்கள். பாட்டுக்காரருக்கு இவ்வளவு பயந்திருக்கிறார்கள்!

1992இல் அதே ஊரில் கேஎல்ஏஎக்ஸ் என்ற நிலையம் ராஞ்சேராவுக்கும் பாண்டாவுக்கும் மாறியது. ட்யூபாவும் கிளாரினெட்டும் சேர்ந்து அதிரும் பாண்டா, நாசூக்கானவர்கள் பட்டிக்காட்டுச் சத்தம் என்று ஒதுக்கிய இசை. சில மாதங்களிலேயே அந்த நிலையம் ஆங்கில நிலையங்களையும் முந்தி நகரத்தின் முதலிடத்துக்கு வந்துவிட்டது. நேயர்கள் புதிதாக முளைக்கவில்லை. அதுவரை அவர்களை யாரும் பொருட்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

அவர்களுக்குள்ளும் அடுக்குகள் உண்டு. கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் 1980 ஜூலை 4 அன்று ஒலிபரப்பைத் தொடங்கிய ரேடியோ பிலிங்குவேயை நிறுவிய ஊகோ மொராலஸ், மெக்சிக்கோவின் ஓஹாக்கா மாநிலத்து மிஷ்டெக் பழங்குடியில் பிறந்தவர். அந்த வானொலியில் மிஷ்டெக் மொழிக்கும் தனி நிகழ்ச்சி உண்டு. மிஷ்டெக்குக்கும் ஸ்பானிஷுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. விளம்பரக்காரர் கணக்கில் அந்த நேயரும் 'லத்தீன்'தான்.

இனி யாராவது 'லத்தீன் பாட்டு' என்று சொன்னால், எந்த ஊர்ப் பாட்டு என்று ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.