பட்டை மட்டும் போதுமா?



கூடைப்பந்து ஆடும்போது உயர எம்பிக் குதிக்கிறீர்கள். தரையில் இறங்கும் நொடியில் உங்கள் கால்கள் தாங்கும் விசை எவ்வளவு தெரியுமா? உங்கள் எடையைப் போலப் பல மடங்கு! கணுக்கால், முழங்கால், இடுப்பு மூன்றும் மடங்கி, அந்த அதிர்ச்சியைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

அப்போது இன்னொருவர் காலை மிதித்துவிட்டால் பாதம் உட்புறமாகப் புரண்டு, கணுக்கால் சுளுக்கிக்கொள்ளும். இதைத் தடுக்கவே பலர் கணுக்காலில் பட்டை அணிகிறார்கள்.

அதனால் பயன் உண்டா? அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், கூடைப்பந்து ஆடும் 1,460 பள்ளி மாணவ, மாணவியரிடம் ஆய்வு நடந்தது. 2011-இல் முடிவு வெளியானது. பட்டை அணிந்தவர்களுக்குக் கணுக்கால் காயம், அணியாதவர்களுக்கு ஏற்பட்டதில் மூன்றில் ஒரு பங்குதான்! ஆனால், ஏற்பட்ட காயங்களின் கடுமை குறையவில்லை. முழங்கால் காயங்களும் குறையவில்லை.

பட்டை, பாதம் புரளாமல் பிடித்துக்கொள்ளும். குதிக்கும் அதிர்ச்சியை அது விழுங்கிவிடாது. அளவுக்கு மீறி இறுக்கினால் கணுக்கால் சரியாக மடங்காது. முழங்காலுக்குச் சுமை கூடலாம்.

எனவே, முழங்காலை மடக்கி, ஓசையின்றி இறங்கப் பழகுங்கள். தினமும் சிறிது நேரம் ஒற்றைக் காலில் நின்று பயிற்சி செய்யுங்கள்.

ஒருமுறை சுளுக்கிய கால் மறுபடியும் சுளுக்க வாய்ப்பு அதிகம். அணியில் இடம் போய்விடுமே என்று வலியை மறைத்து, பட்டையைக் கட்டிக்கொண்டு ஆடாதீர்கள். விளையாட்டு ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் உடனே சொல்லுங்கள். மருத்துவரிடம் காட்டி, முழுதாகக் குணமானபின் களமிறங்குங்கள்.

இந்தப் போட்டி போனால் அடுத்த போட்டி வரும். கால்கள் உங்களோடு காலமெல்லாம் வர வேண்டுமே!

அன்புடன்,
ஆசிரியர்