கேமரன் மலையில் தோட்டத் தொழிலாளர்களுக்கு ஓர் அருங்காட்சியகம் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கேமரன் மலையில் தேயிலைத் தோட்டங்கள் தோன்றி நூறாண்டு நெருங்குகிறது. காட்டை வெட்டி, கன்று நட்டு, கொழுந்து பறித்த தொழிலாளர்களின் வரலாற்றுக்கென்று இந்த மலையில் இன்றுவரை ஓர் அரசு அருங்காட்சியகம் கிடையாது. சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் ஒரு மாவட்டத்தில் இந்தப் புறக்கணிப்பை இனியும் பொறுத்துக்கொள்ள முடியாது.

வீட்டில் கல்யாணம் வைத்துப் பார்த்தவர்களுக்கு இந்தக் குறை நன்றாகவே தெரியும். ஈப்போ, கோலாலம்பூர், சிங்கப்பூரிலிருந்தெல்லாம் சொந்தபந்தம் வந்து இறங்கும். 2023 டிசம்பர் முதல் இந்தியக் குடிமக்கள் மலேசியாவில் விசா இல்லாமல் 30 நாள் தங்கலாம் என்றானதால் தமிழ்நாட்டு உறவினர்களும் வருகிறார்கள். கார்த்திகை முகூர்த்தம் என்றால் மழையும் கூடவே வரும். தாலி கட்டி முடிந்த மறுநாள், பிள்ளைகளையும் வயதானவர்களையும் எங்கே கூட்டிப்போவது? பிளாஸ்டிக் கூரை போட்ட ஸ்ட்ராபெரி பண்ணை, கள்ளிச்செடிப் பண்ணை, இல்லாவிட்டால் பிரிஞ்சாங்குக்கும் கியா ஃபார்முக்கும் நடுவே நெரிசலில் நிற்கும் வேனுக்குள்ளேயே அரை நாள்.

சென்னையில் சித்திரை வெயிலில் கல்யாணத்துக்குப் போகிறவர்கள், 1851-இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகத்துக்குள் போய் உச்சிவேளையைக் கழிக்கலாம். சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பார்த்த மாதிரியும் இருக்கும். அங்கே வெயில், இங்கே மழை. ஒதுங்கும் நேரத்தில் ஊரைத் தெரிந்துகொள்ள அங்கே ஓர் இடம் இருக்கிறது, இங்கே இல்லை.

எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குத் திருச்சியிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: "எங்க பெரியப்பா இந்தப் பக்கம்தான் எங்கேயோ தோட்டத்துல இருந்தாராம். அந்தக் காலத்து ஆளுங்க எப்படி இருந்தாங்கன்னு பார்க்க ஏதாவது இடம் இருக்காம்மா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

சொல்வதற்கு வரலாறு இல்லாமலா போய்விட்டது? 1885-இல் வில்லியம் கேமரன் இந்த மலைப்பகுதியை அளந்தார். 1929-இல் ரஸ்ஸல் ‘போ’ (BOH) தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தேயிலை வந்தது. இந்தப் பெயர்களெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தவை. ஒரு நீராவி உருளையையும் கோவேறு கழுதைகளையும் வைத்துக்கொண்டு அந்தக் காட்டைத் திருத்தியவர்களின் பெயர்களைத்தான் எங்கும் காணோம். கங்காணி முறையில் தமிழ்நாட்டிலிருந்து மலாயாவுக்கு ஆள் சேர்ப்பது 1938-இல் நின்றது. அந்த வழியில் வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் வாழ்ந்து, கோவில் கட்டி, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளில் படித்தார்கள். இன்று அவர்களில் பெரும்பாலோர் பட்டணங்களுக்குப் போய்விட்டார்கள். கொழுந்து வெட்டுபவர்கள் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள்.

என் அத்தை முதுகில் சுமந்த பிரம்புக் கூடை எங்கள் வீட்டில் இருக்கிறது. தோள்வார் இற்றுவிட்டது. உள்பக்கம் கொழுந்துக் கறை ஏறிக் கறுத்துக் கிடக்கிறது. கையால் கிள்ளிப் பறித்த காலம் போய், பை கட்டிய பெரிய கத்தரியும் இருவர் பிடித்து ஓட்டும் எந்திரமும் வந்துவிட்டன. விடியலில் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்குப் போய் நின்றது, நிறுவையில் கூடையை வைத்துவிட்டு முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றது, இதையெல்லாம் வாயால் சொல்லக்கூடியவர்கள் எண்பதைக் கடந்துவிட்டார்கள். அவர்கள் குரலைப் பதிவு செய்யக்கூட யாரும் வரவில்லை.

தோட்ட நிறுவனங்கள் பார்வையாளர் மையம் வைத்துத் தங்கள் கதையைச் சொல்கின்றன. அதில் தவறில்லை. தனியார் நடத்தும் டைம் டன்னல் காட்சியகம் பழம்பொருள்களைச் சேர்த்துக் காப்பாற்றுகிறது; நன்றி சொல்ல வேண்டும். ஆனால் பொதுப்பணத்தில் செய்யவேண்டிய கடமையைத் தனியார் தலையில் கட்டுவது நியாயமா? பகாங் மாநில அருங்காட்சியகம் இருப்பதோ பெக்கானில், மாநிலத்தின் மறு கோடியில்.

மற்ற ஊர்களைப் பாருங்கள். கண்டிக்கு அருகே ஹந்தானையில் 1925-இல் கட்டிய பழைய தேயிலைத் தொழிற்சாலை 2001-இல் அருங்காட்சியகமானது. மூணாறில் 2005-இல் ஒன்று வந்தது. இலங்கையின் கம்பளைப் பக்கம் பழைய லயன் வீடுகளையே 2007-இல் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக மாற்றினார்கள். நமக்கு வேண்டியதும் அதுதான். கண்ணாடி மாளிகை யாரும் கேட்கவில்லை. இடிபடக் காத்திருக்கும் ஒரு பழைய லயத்தை அரசு வாங்கட்டும். ஒழுகாத கூரை போடட்டும். சக்கர நாற்காலி போகும்படி வாசல் அமைக்கட்டும். மலாய், ஆங்கிலத்தோடு தமிழிலும் விளக்கப் பலகை வைக்கட்டும். நமக்கெல்லாம் முன்பே இந்த மலையில் வாழும் செமாய் மக்களின் வரலாறும் அங்கே இடம்பெற வேண்டும்.

2026-ஐச் சுற்றுலா ஆண்டாக அறிவித்து நாடு முழுக்க விளம்பரம் செய்கிறார்கள். அந்தச் செலவில் ஒரு சிறு பங்கு போதும். பகாங் மாநில அரசும் சுற்றுலா அமைச்சும் இதற்கு நாள் குறித்துப் பதில் சொல்ல வேண்டும். தோட்டத்தில் வாழ்ந்த குடும்பங்கள் பழைய படங்களையும் சம்பளச் சீட்டுகளையும் எடைக்குப் போட்டுவிடாமல் எடுத்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் தயாரானால், அத்தையின் கூடையை முதல் ஆளாகக் கொண்டுவந்து கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
தோட்டத்தில் பிறந்த வாசகி,
ரிங்லெட், கேமரன் மலை.