தொலைநோக்கிக்கு முன் தோட்டா

2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைபிள் போட்டியில் வெண்கலம் பெற்ற ஸ்வப்னில் குசாலே, அப்போது மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர். துப்பாக்கி சுடுதல் மகாராஜாக்களின் ஆட்டம் என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. ஆனால் 0.22 ரைபிள் வாங்கிய கையோடு தொலைநோக்கி, புதுக் கட்டை என்று சம்பளப் பணத்தைக் கொட்டுவது வீண் செலவேயாகும்.

இந்தத் தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து விளிம்பில் இருக்கிறது. ஊசி விளிம்பைத் தட்டினால்தான் வெடிக்கும். வெடித்த கூட்டில் மறுபடி மருந்து நிரப்பிக்கொள்ளவும் வழியில்லை. ஆலை தருவதுதான் தோட்டா. அதிலும் ஒரு குழலுக்கு ஒத்துப்போவது, அதே மாடல் ரைபிளின் இன்னொரு குழலுக்கு ஒத்துப்போகாமல் போகலாம். ஆகவே நாலைந்து வகைகளில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, சுடுதளத்தில் மணல் மூட்டை மேல் ரைபிளை வைத்து, ஐந்தைந்தாகச் சுட்டுப் பார்ப்பது அவசியம். 50 மீட்டர் இலக்கில் பத்து மார்க் வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவுதான்! தோட்டா சரியில்லையேல், தொலைநோக்கி அந்தத் தவறைப் பெரிதாக்கிக் காட்டும், அவ்வளவே.

அடுத்த செலவு விசைக்கு. கனத்த விசையை இழுக்கும்போதே குழல் அசைந்துவிடும். வீட்டில் அரம் வைத்துத் தேய்க்காமல், தேர்ந்த தொழிலாளியிடம் கொடுப்பதே முறை.

1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி 0.22-க்கு லைசென்ஸ் வேண்டும். அது கைக்கு வரும்வரை கிளப்பில் ஏர் ரைபிள் பழகுவதில் குறைவொன்றுமில்லை. கடலூரில் பிறந்து ஆமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம் வென்றது ஏர் ரைபிளில்தான்.