தொட்டுப் பார்க்க ஓர் இயந்திரம்

சென்னை அஸ்தினாபுரத்தில் பிளஸ் டூ முடித்த பிள்ளையிடம் கட்-ஆஃப் எவ்வளவு என்றுதான் கேட்கிறோம்; எந்த இயந்திரத்தைப் பிரித்துப் பார்க்க ஆசை என்று யாரும் கேட்பதில்லை. இத்தனைக்கும் பக்கத்துக் குரோம்பேட்டையில் 1949-இல் சி. ராஜம் தொடங்கிய எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) இருக்கிறது. பறக்கும் காலம் முடிந்து, பாடம் விளக்குவதற்காக அங்கே நிறுத்தப்பட்டிருந்த இரண்டு விமானங்களின் அருகே, மற்றவர்கள் விடுதிக்குப் போன பிறகும் அப்துல் கலாம் உட்கார்ந்திருப்பாராம். விமானப் பொறியியலை அவர் எடுத்தது அந்த ஈர்ப்பில்தான். அதே எம்.ஐ.டி.யில் படித்த எழுத்தாளர் சுஜாதா, கம்ப்யூட்டரைப் பத்திரிகை வழியே தமிழ் வீடுகளுக்குள் கொண்டுவந்தார். அப்படியோர் ஈர்ப்பு இன்றைய பிள்ளைகளுக்கும் வர, எம்.ஐ.டி.யின் ஆய்வகங்களைச் சுற்றுவட்டாரப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு சனிக்கிழமையாவது திறந்துவிட வேண்டும், அதுவும் எட்டாம் வகுப்பிலிருந்தே.