ஒரு சொட்டு ஈயம்

போன வாரம் என் கைப்பேசி கீழே விழுந்தது. அதன் பிறகு சார்ஜ் ஏறவில்லை. பேரங்காடியின் கீழ்த்தளத்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தம்பியிடம் கொண்டு போனேன். திறந்து, பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"புதுசு வாங்க வேணாம்க்கா. ஒரு சொட்டு ஈயம் வெச்சா சரியாயிடும்."

இருபது வெள்ளியில் வேலை முடிந்தது. "இந்த ஈயம் எங்கேருந்து தம்பி வருது?" என்று சும்மா கேட்டேன். சுருளைத் திருப்பிப் பார்த்து, "சீனாக்கா" என்றார்.

சுருளைச் செய்த இடம் அது. மண்ணைத் தோண்டி ஈயத்தை எடுத்த இடம் எது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் உலகுக்கு ஈயம் ஏற்றுமதி செய்யும் நாடுகளில் முன்னணியில் இருப்பது நம் பக்கத்து வீடான இந்தோனேசியா. அதில் பெரும்பகுதி சுமத்ராவின் கிழக்கே இருக்கும் பங்கா, பெலித்தோங் என்ற இரண்டு தீவுகளிலிருந்து வருகிறது.

ஈயம் என்றால் நம் வீடுகளில் பாட்டியின் ரசச் சொம்புதான் நினைவுக்கு வரும். இன்று உலகில் எடுக்கப்படும் ஈயத்தில் ஏறக்குறைய பாதி, மின்னணுப் பொருள்களின் பாகங்களை ஒட்டும் பற்றவைப்புக்குத்தான் போகிறது. முன்பு அந்தக் கலவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காரீயம் இருந்தது. காரீயம் நஞ்சு என்பதால் 2006-இல் ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தடை செய்தது. நல்ல சட்டம்தான். ஆனால் காரீயம் விட்டுப்போன இடத்தை நிரப்ப இன்னும் அதிக ஈயம் தேவைப்பட்டது. ஓரிடத்தில் நஞ்சு குறைய, வேறோரிடத்தில் குழி ஆழமானது.

பங்காவில் ஈயம் தோண்டுவது புதிதல்ல. முந்நூறு ஆண்டுப் பழக்கம். மாறியது அளவுதான். 1990-களின் கடைசியில் அரசாங்கம் கட்டுப்பாட்டைத் தளர்த்தியதும், ஒரு பம்பும் ஒரு குழாயும் வைத்திருப்பவர் எல்லாரும் தோண்ட ஆரம்பித்தார்கள். காட்டை வெட்டி, மேல்மண்ணை நீக்கி, தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பார்கள். கனமான ஈயத்தாது மரத் தொட்டியில் தங்கிவிடும். சேறு ஆற்றில் ஓடும். மிஞ்சுவது வெள்ளை மணலும் ஒரு குழியும். அந்த மணலில் பயிர் பிடிப்பது அரிது. மழை பெய்து குழி குட்டையாகும். கொசு பெருகும், மலேரியா வரும். சில குட்டைகளில் முதலை குடியேறிவிட்டது. அதே தண்ணீரில் குளித்துத் துவைக்கும் மக்கள் கடிபட்டிருக்கிறார்கள்.

நிலம் தீரத் தீர, கடலுக்குள் இறங்கினார்கள். மிதவையில் பம்பைக் கட்டி, வாயில் ஒரு பிளாஸ்டிக் காற்றுக்குழாயைக் கடித்துக்கொண்டு ஒருவர் அடியில் இறங்குவார். குழாய் மடங்கினாலோ, அடிமண் சரிந்தாலோ அவர் மேலே வரமாட்டார். கிளறிய சேறு பவளப்பாறைகளின் மேல் படிகிறது. மீனவர்கள் போராட்டம் நடத்தியிருக்கிறார்கள். மீனைத் தேடி அவர்கள் இன்னும் தூரம் போக வேண்டியிருக்கிறது.

"ஏன் இந்த வேலைக்குப் போகிறார்கள்?" என்று கேட்பது சுலபம். பங்கா ஒரு காலத்தில் வெள்ளை மிளகுக்குப் பேர்போன தீவு. மிளகு விலை விழும்போது, வீட்டுப் பின்கட்டில் ஈயம் கிடக்கிறது என்றால் பிள்ளையின் பள்ளிக்கட்டணத்துக்கு மனிதன் எதைத் தேர்ந்தெடுப்பான்? தோண்டுபவருக்குக் கிடைப்பது அன்றாடக் கூலி. பெரும் பணம் வேறு கைகளுக்குப் போகிறது. 2024-இல் இந்தோனேசியாவையே உலுக்கிய ஈய ஊழல் வழக்கில், அரசுத் தரப்பு சொன்ன மொத்த இழப்பு 300 டிரில்லியன் ரூப்பியா. அதில் 271 டிரில்லியன் சுற்றுச்சூழலுக்கு ஏற்பட்ட சேதம். அப்போதைய மாற்று விகிதத்தில் சுமார் 75 பில்லியன் ரிங்கிட்!

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோது, கம்பாரில் வளர்ந்த என் அம்மா சொன்ன ஒரு கதை ஞாபகம் வந்தது. அவருடன் படித்த ஒரு பையன், பள்ளி விட்டு ஈயக்குட்டைக்குக் குளிக்கப் போனவன் திரும்பி வரவில்லை. இன்றும் அந்தப் பக்கம் காரில் போகும்போது அம்மா அந்தக் குட்டையைப் பார்க்கமாட்டார்.

ஆமாம், நாமும் பங்காவாக இருந்தவர்கள்தான். ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய ஈய உற்பத்தியாளர் நம் நாடு. 1985-இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்து, சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. நாம் படம் பிடித்துப் போடும் தைப்பிங் ஏரிப் பூங்கா, 1880-இல் ஈயச் சுரங்க நிலத்தில் உருவானது. இன்றைய சன்வே நகரமும் கைவிடப்பட்ட சுரங்கத்தின் மேல்தான் நிற்கிறது.

அப்படியானால் பங்காவும் ஒருநாள் பூங்காவாகிவிடும் என்று ஆறுதல் கொள்ளலாமா? இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நகரத்துக்கு அருகில், நிலத்துக்கு விலை இருந்த இடத்தில் குழி ஏரியானது. அம்மாவின் குட்டை இன்னும் குட்டையாகவே கிடக்கிறது. எங்கே காயம் பெரிது என்று பார்த்து யாரும் மருந்து போடவில்லை. எங்கே லாபம் வரும் என்று பார்த்துப் போட்டார்கள். பங்காவின் உள்கிராமத்துக் குழிக்கு யார் வந்து விலை கொடுப்பார்கள்? சுரங்க நிறுவனங்கள் குழியைச் சீரமைக்க வேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறது. உரிமமே இல்லாமல் தோண்டிய குழிக்குச் சொந்தக்காரர் யார்?

குழியை மூடும் செலவு, ஈயத்தின் விலையிலேயே சேர்ந்திருக்க வேண்டும். அதை வாங்கும் பெரிய நிறுவனங்களும், கடைசியில் கைப்பேசி வாங்கும் நாமும் அதைக் கொடுக்க வேண்டும். இன்று அந்தப் பணத்தைக் கொடுப்பவர் பங்காவின் மீனவரும், குட்டையில் குளிக்கும் பிள்ளையும்.

என் மேசை இழுப்பறையில் மூன்று பழைய கைப்பேசிகள் தூங்குகின்றன. உங்கள் வீட்டிலும் இருக்கும். அவற்றிலுள்ள ஈயத்தை உருக்கி மறுபடி பயன்படுத்த முடியும். இந்த வாரம் அவற்றை மின்னணுக் கழிவுப் பெட்டியில் போடப்போகிறேன். அதனால் பங்காவில் ஒரு குழிகூட மூடாது, தெரியும். புதிதாக ஒரு கை மண்ணைத் தோண்டாமல் இருந்தால் போதும்.

ரிப்பேர் ஆன கைப்பேசி நன்றாக வேலை செய்கிறது. இதை அதில்தான் தட்டச்சு செய்தேன்.